தவக்காலத்தில் வந்த நாலு பெட்டி

அத்தை,

போன வாரம் நம் வீட்டுக் கூடத்தில் ஹோம் தியேட்டர் பொருத்தினார்கள். உங்கள் பேரன், பெரியவன் வாங்கிக் கொடுத்தது. டவுனிலிருந்து கடை ஆட்கள் இருவர் வந்து, சுவரைத் துளைத்து, ஒயர் இழுத்து, மூலைக்கு ஒன்றாகப் பெட்டிகளை மாட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் சோபாவில், உங்கள் பிள்ளை வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு சின்ன மைக்கை நிறுத்தி வைத்தார்கள். "அம்மா, ஃபேனை நிறுத்திடுங்க. ரெண்டு நிமிஷம் யாரும் பேசக்கூடாது. இது இப்ப ரூமைக் கேக்கும்" என்றார் ஒருவர். அறையைக் கேட்பதற்கும் ஒரு கருவி வந்துவிட்டது பாருங்கள்.

பேசாமல் நின்றோம். பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக உய்ங், உய்ங் என்று சத்தம் வந்தது. புது பிளாஸ்டிக் சூடாகும் வாசனையும், கிழித்துப் போட்ட தெர்மகோலும், வாயை மூடிக்கொண்டு நிற்கும் மனிதர்களுமாக அந்தக் கூடம் இருந்தபோது எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. இதே கூடம்தான். அன்றைக்கு மைக் இல்லை, துளை போடும் மிஷின் இல்லை. நீங்களும் நானும் மட்டும் இருந்தோம். நமக்குள் அப்போது பெரிய பிரியமும் இல்லை.

இல்லை என்று சொல்வதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். நீங்களே அதை ஊருக்கெல்லாம் சொன்னவர்தானே. கல்யாணமாகி நாலு வருஷம், அதில் உங்கள் பிள்ளை லீவில் வந்து போனது இரண்டு முறை. மற்ற நாளெல்லாம் வயலைப் பார்க்கும் மாமியாரும், கான்வென்ட்டில் கொஞ்சம் பிரெஞ்சு படித்துவிட்டு வந்த மருமகளும் ஒரே வீட்டில் எதிரும் புதிருமாக இருந்தோம். "படிச்சவங்க வூட்டு ரசம்" என்று நான் வைத்த ரசத்துக்குப் பெயர் வைத்தீர்கள். நானும் சும்மா இல்லை. நீங்கள் பூசைக்குக் கிளம்பும்போது வேண்டுமென்றே மெதுவாகத்தான் தலை பின்னிக்கொள்வேன்.

அந்த வருஷம் உங்கள் பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷ சர்வீஸ் முடிந்தது. அந்தப் பட்டாளத்துக்குப் போன நம் பக்கத்துச் சொல்தாக்கள் எல்லோரும் அதற்காகத்தான் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். பதினைந்து முடிந்தால் பென்ஷன். பென்ஷன் வந்தால் ஊருக்கு வந்து வீட்டை இடித்துக் கட்டி, மாலையில் பேண்ட்டும் தொப்பியுமாக வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு நடை. நம் வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்த்தோம். ஆனால் கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு கேசட்தான் வந்தது. உங்களுக்கு எழுத்து தெரியாது என்பதால் அவர் எப்போதும் பேசித்தான் அனுப்புவார். "நல்லா இருக்கேம்மா. இங்க இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

நம்மிடம் இருந்த சின்ன டேப் ரெக்கார்டரில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். கரகரவென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதைப் போலத்தான் அதில் எல்லாக் குரலும் கேட்கும். "வேலையாமே, வேலை. பதினஞ்சு வருஷமா பண்ணாத வேலை" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டீர்கள். அந்த மீதி என்னவென்று எனக்குத் தெரியும். அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்ட இரண்டொரு சொல்தாக்களின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நான் புழக்கடைக்குப் போய் அழுதேன். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி கேட்காமலே எனக்கு இரண்டு கரண்டி மீன் குழம்பு அதிகமாக ஊற்றினீர்கள்.

தவக்காலம் தொடங்கும் விபூதி புதனுக்கு மறுநாள் மாட்டு வண்டியில் அந்த மரப்பெட்டி வந்து இறங்கியது. ஒதியம்பட்டுக்காரர் கொண்டுவந்தார். அவரும் உங்கள் பிள்ளையும் ஒரே வருஷம் பட்டாளத்துக்குப் போனவர்கள். அவர் தன் பதினைந்தை முடித்துக்கொண்டு தட்டுமுட்டுச் சாமான்களோடு ஊர் திரும்பிவிட்டார். அதில் நமக்கும் ஒரு பெட்டி. "உங்க புள்ள குடுத்தனுப்பிச்சான்" என்றார். காபி கூடக் குடிக்காமல், வண்டிக்காரரை அவசரப்படுத்திக்கொண்டு போய்விட்டார்.

திறந்தால், வைக்கோலும் பிரெஞ்சுப் பேப்பரும் அடைத்து, உள்ளே ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர், கேசட் போடும் மிஷின், ஆள் இடுப்பு உயரத்துக்கு நாலு ஸ்பீக்கர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு கனத்தை அனுப்புகிறவர் பின்னாலேயே வரத்தானே போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் ஒரு பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"வர்றவன் தூக்கினு வருவான்டி. அனுப்பிச்சா, வரலன்னு அர்த்தம்."

அவ்வளவுதான், என் சந்தோஷம் போயிற்று. இருந்தாலும் வந்த பொருளைச் சும்மா போட்டுவைக்க முடியுமா? அடுத்த இரண்டு நாளும் அதோடுதான் மல்லுக்கட்டினோம். கூடவே வந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. சதுரமான அறை, நாலு மூலையிலும் நாலு ஸ்பீக்கர், நட்ட நடுவில் ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியில் இருப்பவரைச் சுற்றி நாலு பக்கமும் சத்தம் வரும் என்று எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன்.

"முதுகுக்குப் பின்னால இன்னாத்துக்குடி பேசணும்? முதுகுக்குப் பின்னால பேசறதுக்கு இந்தத் தெருவுல ஆளா இல்ல?"

பின் பக்கத்துப் பெட்டிகள் இரண்டையும் வைக்கவே கூடாது என்று ஒரு நாள் முழுக்கப் பிடிவாதம் பிடித்தீர்கள். பிறகு நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். அந்த இரண்டையும் முன்னால் நகர்த்தி நாற்காலிக்கு இரு பக்கமும் வைத்துவிட்டால் எந்தப் பெட்டியும் முழுசாக முதுகுக்குப் பின்னால் இருக்காது. படம் வரைந்த பிரெஞ்சுக்காரனுக்கு இது தோன்றியிருக்காது. அடுத்தது கிழக்குச் சுவர். அங்கே திருஇருதய ஆண்டவர் படம். ஆண்டவருக்குச் சமமாகவோ மேலேயோ எந்தப் பெட்டியும் ஏறக் கூடாது. தரையில் வைத்தால் எலி ஒயரைக் கடிக்கும். கடைசியில் சம்பா அறுத்து மூட்டை கட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்த நெல்லே கை கொடுத்தது. இரண்டு மூட்டை உயரத்தில் ஒரு பெட்டி. ஆண்டவருக்குக் கீழே, எலிக்கு மேலே. ஒயர் போதவில்லை என்று வில்லியனூர் ரேடியோ கடைக்கு நான் இரண்டு முறை போய்வந்தேன்.

எல்லாம் மாட்டியாயிற்று. போடுவதற்குத்தான் எதுவும் இல்லை. தவக்காலம். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் நம் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டு ரேடியோவுக்குக் கூடச் சன்னலைச் சாத்துகிறவர் நீங்கள். "சும்மா ஒரு பாட்டு, சரியா வேலை செய்யுதான்னு பாக்கத்தான்" என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஆண்டவர் நாப்பது நாளு பட்டினி கெடந்தாரு. உன் பொட்டி நாப்பது நாளு வாய மூடிகினு கெடக்கட்டும்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நீங்களே, "அவன் பேசறது பாட்டு இல்லியே. அத்தப் போடு" என்றீர்கள்.

சாயங்காலம் ஆனால் வயல் மோட்டார்கள் எல்லாம் ஓடி, கரண்ட் இறங்கி, நம் வீட்டு பல்பு பழுத்த எலுமிச்சம்பழம் ஆகிவிடும். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோம். உங்களை நடு நாற்காலியில் உட்கார வைத்தேன். முதலில் குரல் எங்கெங்கோ சிதறி, உள்ளே இழுத்துக்கொண்டு, பிடிபடாமல் இருந்தது. உங்கள் வலது பக்கத்துப் பெட்டியில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் நான் மாற்றிச் செருகியிருந்தேன். சரி செய்துவிட்டு மறுபடி போட்டேன்.

அப்போது நடந்ததை நான் இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. குரல் எந்தப் பெட்டியிலும் இல்லை. உங்களுக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில், வெறும் காற்றில் வந்து நின்றது. "நல்லா இருக்கேம்மா." நீங்கள் சட்டென்று அந்த வெற்றிடத்தைப் பார்த்தீர்கள். உங்கள் பிள்ளை வந்து நிற்பதாகவே நினைத்து முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டீர்கள். நான் சிரித்திருப்பேன். உங்கள் முகம் சிரிக்கவிடவில்லை.

"நிறுத்து. மறுபடியும் போடு."

போட்டேன்.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவை முடிந்ததும், "கேட்டியா?" என்றீர்கள். எனக்கு ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. அதே வார்த்தைகள், அதே அடுத்த வருஷம். "பேச்ச கேக்காதடி. பேச்சுக்கு நடுவுல கேளு" என்றீர்கள். நாலு பக்கமும் நெல் மூட்டை அடைத்திருந்ததால் அந்தக் கூடத்தில் எதிரொலி என்பதே கிடையாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு மூச்சு. அதன் நுனியில், புல்லாங்குழலில் சரியாக ஊதத் தெரியாதவர் ஊதியதைப் போல, மெல்லிய ஒரு விசில். பழைய டேப் ரெக்கார்டரின் கரகரப்பில் இத்தனை நாளும் அது ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

மாமா மில்லில் பஞ்சுத் தூசியிலேயே கிடந்து, நெஞ்சு கெட்டு, ஒரு வருஷம் படுக்கையில் இருந்து போனவர் என்று எனக்குத் தெரியும். நான் வருவதற்கு முன்னால் நடந்தது. அந்த மூச்சின் பக்கத்திலேயே ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். உங்களிடம் யாரால் மறைக்க முடியும்?

"ஒக்காந்துனு பேசற கொரலு இல்ல இது" என்றீர்கள். "படுத்துனு பேசறான்டி."

மறுநாள் காலையில் இருவரும் ஒதியம்பட்டுக்கு நடந்தோம். அந்த மனிதர் நம்மைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். "எத்தன மாசமா படுத்துனு இருக்கான்?" என்று மட்டும் கேட்டீர்கள். இருக்கிறானா என்று கேட்கவில்லை. அவர் திண்டாடிப் போனார். மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறான் என்றார். "மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொல்லு" என்றீர்கள். சொன்னார். மழைக்காலத்திலிருந்தே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். நெஞ்சில் நீர் கோத்து, ஒரு தடவை எடுத்து, மறுபடியும் கோத்ததாம். டாக்டர்கள் கையை விரிக்கவில்லை, நம்பிக்கையாகவும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைதான் மனசை விட்டுவிட்டாராம். அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் என்று சொல்லிக்கொண்டு சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

"அந்தப் பொட்டி?" என்று நான் கேட்டேன்.

"நான்தான் கடைக்குப் போயி வாங்கினு வந்தேன். 'சின்ன டேப்ல என் பேச்சு சரியா கேக்கலன்னு அம்மா சொல்லினே இருப்பாங்க. நான் இல்லன்னாலும் கொரலாவது அவங்களுக்கு நல்லா கேக்கட்டும்'னு சொன்னான்" என்றார் அவர்.

குரல் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அனுப்பினார், நன்றாகவே கேட்டுவிட்டது. அவர் சொன்னதைக் கேட்டு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேறொருத்தி என்று நினைத்து அழுத கண்ணீருக்கும் இதற்கும் சேர்த்து அழுதேன். வேறொருத்தியாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, அத்தை. நீங்கள் அழவில்லை. அவர் மனைவி கொடுத்த மோரை முழுசாகக் குடித்துவிட்டு, "இவ போறதுக்கு இன்னா காயிதம் வேணும்? அத்த மொதல்ல சொல்லு" என்றீர்கள்.

இவள் போவதற்கு. நாம் போவதற்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதற்காக உங்களோடு சண்டை போட்டேன். நாலு வருஷத்தில் உங்களை எதிர்த்து வாய் திறந்தது அன்றைக்குத்தான். பெற்றவள் நீங்கள், ஒருவேளை, ஒருவேளை என்று இழுத்தேனே ஒழிய அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. கையில் இருந்த முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"நான் போயி நின்னா அவன் இன்னா நெனப்பான்? கடல் தாண்டி பெத்தவளையே கூப்ட்டுட்டாங்க, அப்ப முடிஞ்சுதுன்னு நெனப்பான். அவங்கப்பனுக்கும் அப்பிடித்தான். அவரு அம்மாவ ஊர்லேர்ந்து வரவழைச்சோம். கெழவி வாசல்ல நொழஞ்சதப் பாத்தாரு. அன்னிலேர்ந்து கஞ்சி எறங்கல. நீ போ. பொண்டாட்டி வந்தா, குடும்பம் நடத்த வந்துட்டான்னு நெனப்பான். நமக்குத் தெரியும்னு காட்டிக்காத. இந்தக் கெழவியோட இருக்க முடியல, வந்துட்டேன்னு சொல்லு. நம்புவான்."

எனக்கு அது அப்போது புரியவில்லை. மனுஷிக்குக் கல் நெஞ்சு என்றுதான் நினைத்தேன். தெருவும் அதையே சொன்னது. மருமகளை அனுப்பிவிட்டு நெல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், பெற்ற பிள்ளையைவிடச் சொர்ணவாரிப் பயிர் பெரிசாகப் போயிற்று என்று உங்கள் காது படவே பேசினார்கள். நீங்களும், "ஆமா, அறுப்பு வருது. ஆளு எவன் தருவான்?" என்றே எல்லோருக்கும் பதில் சொன்னீர்கள். ஒருவரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை.

காகித வேலைகளை ஒதியம்பட்டுக்காரரே அலைந்து முடித்தார். அதற்குள் பாஸ்கு வந்து போயிற்று. இனிமேல் பாட்டுப் போடலாம் என்று ஒரு நாள் நீங்களே சொன்னீர்கள். போட்டால் கூடம் அதிர்ந்தது, ஒரே இரைச்சல். பெட்டி கெட்டுவிட்டது என்று ரேடியோ கடைக்காரரைக் கூட்டிவந்தேன். அவரும் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விட்டார். நெல்லை விற்றாகிவிட்டது, கூடம் காலி, அதனால்தான் கத்துகிறது என்று நமக்குத் தெரியப் பல நாள் ஆயிற்று. அந்தப் பெட்டி இரண்டு மாதம் தள்ளி வந்திருந்தால், மூட்டைகளும் இருந்திருக்காது, பாட்டையும் போட்டிருப்போம், அந்த மூச்சு நம் காதில் விழுந்திருக்காது.

நான் கிளம்பிய அன்று நீங்கள் ஊர் எல்லை வரைக்கும்கூட வரவில்லை. வாசலில் நின்று நெற்றியில் சிலுவை போட்டு, "போ, நேரமாவுது" என்றீர்கள். வண்டி திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். தெருவில் உலர்த்தியிருந்த வைக்கோலைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது.

உங்கள் பிள்ளை பிழைத்தார். அது உங்களுக்குத் தெரியும், கேசட்டில் கேட்டீர்கள். எழுந்து உட்கார்ந்து பேசிய கேசட் வந்த அன்று, சத்தத்தைக் கூட்டி வைத்துத் தெருவுக்கே கேட்க விட்டீர்களாம். பெரியவன் பிறந்ததும், அவன் அழுததும்கூட உங்களுக்குக் கேசட்டில்தான் வந்தது. அவர் உடம்பு பயணம் தாங்கும் என்று டாக்டர்கள் சொல்லி, நாங்கள் டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருந்தபோது தந்தி வந்தது. உங்களுக்கு மண் போடக்கூட வர முடியவில்லை. இப்போது அவர் எண்பதை எட்டிப் பிடித்துவிட்டார். போன வாரம் கடை ஆட்கள் நாலு பக்கமும் குண்டு வெடிக்கிற மாதிரி ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதற்கு நடுவில் சோபாவில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார். மூச்சு ஒரே சீராக இருந்தது. நான் கவனித்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கடிதத்தில் எழுதினால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். கேசட்டில் சொல்லலாம் என்றால் அவர் எப்போதும் என் பக்கத்திலேயே இருந்தார். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தோளைத் தொட்டேன். திரும்பினார். என்னைப் பார்த்ததும் அவர் கண் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்த கதவுக்குப் போயிற்று. யாரோ வரப்போகிறார்கள் என்று பயந்தவராக அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா வரலியா?"

"வரல. அறுப்பு இருக்குதாம். ஆளு கெடைக்கலியாம்."

உண்மைதானா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார், அத்தை. இருமல் வந்து, இருமிக்கொண்டே சிரித்தார். "அறுப்ப பாத்துனு இருக்காங்களா? அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தலைமாட்டில் ஆறிக் கிடந்த சூப்பை எடுத்துத் தரச் சொன்னார்.

அந்தச் சிரிப்பை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.